விழுங்க முடியாதவருக்கு உணவூட்டல்: மருத்துவமும் மனச்சாட்சியும்

பசித்தோருக்கு உணவளித்தல் இரக்கச் செயல்களுள் முதலாவதாக வைத்து எண்ணப்படுகின்றது. பசித்தவர் தாமே உண்ணக்கூடியவராயின் இக்கடமையில் ஐயத்துக்கு இடமில்லை. ஆனால், வாயில் வைத்த ஒரு கரண்டி கஞ்சியையும் விழுங்க மாட்டாதவராய் நோயாளர் கிடப்பாராயின் வீட்டார் என்ன செய்வது? பாரிசவாதத்தால் விழுந்த தந்தை, தொண்டையில் புற்றுநோய் கண்ட தாய், மூளைக் குறைபாட்டுடன் பிறந்த குழந்தை என இத்தகையோர் நம் பங்குகளில் எங்கும் உள்ளனர்.

வைத்தியர் ஒருநாள், “வயிற்றிலே ஒரு குழாய் வைத்து உணவு கொடுக்கலாம்; உங்கள் சம்மதம் வேண்டும்” என்கிறார். வீட்டார் திகைக்கின்றனர். “வயிற்றைத் துளைப்பதா?” என்று ஒருவர் அஞ்சுகிறார். “வைக்காவிட்டால் பட்டினி போட்டுக் கொன்ற பாவம் நமக்கு வராதா?” என்று மற்றவர் கலங்குகிறார். அச்சத்தில் எடுக்கும் முடிவு நல்ல முடிவாக அமைவது அரிது. ஆகவே, இக்குழாய் யாது, எவருக்கு உதவும், எவருக்கு உதவாது, திருச்சபை இதுபற்றி என்ன போதிக்கின்றது என்பவற்றை ஒழுங்காக ஆராய்வோம்.

விழுங்குதல் என்னும் வேலை

விழுங்குதல் நாம் நினைப்பதுபோல இலகுவான வேலையன்று. தொண்டையில் இரண்டு வழிகள் அடுத்தடுத்து உள்ளன. முன்னே இருப்பது சுவாசப்பைக்குக் காற்றுச் செல்லும் மூச்சுக்குழாய். பின்னே இருப்பது இரைப்பைக்கு உணவு செல்லும் களம். உணவு தொண்டையைக் கடக்கும் ஏறத்தாழ ஒரு விநாடி நேரத்துள் மூச்சு நிற்கவேண்டும், குரல்வளை மேலெழ வேண்டும், அதன் மூடி சாயவேண்டும், களத்தின் வாயில் திறக்கவேண்டும். வாயிலும் தொண்டையிலுமுள்ள பல தசைகள் மூளையின் கட்டளைப்படி ஒத்து இயங்கினாலன்றி இது நடவாது.

மூளையோ, நரம்போ, தசையோ பழுதுற்றால் இவ்வொழுங்கு குலைகின்றது. அப்போது உணவு மூச்சுக்குழாய்க்குள் இறங்குகின்றது. நலமாயுள்ளவருக்கு உடனே புரைக்கேறி, இருமலால் அது வெளியே தள்ளப்படும். பாரிசவாத நோயாளர் சிலருக்கோ இருமலும் வருவதில்லை. உணவு அரவமின்றிச் சுவாசப்பையை அடைந்துவிடும். அதனால் உண்டாகும் நியூமோனியா உயிருக்கே ஆபத்தானது. “வாயில் ஊற்றினால் எப்படியும் உள்ளே போய்விடும்” என்று படுத்திருப்பவருக்குப் பாலும் இளநீரும் பருக்குவது அன்பினால் செய்யப்படும் காரியமே. ஆயினும் அந்த அன்பு நோயாளரைக் கொல்லவும் கூடும். பாரிசவாதம் கண்டவருக்கு, விழுங்கும் ஆற்றலை வைத்தியசாலையில் பரிசோதித்து முடிக்கும்வரை வாயால் தண்ணீரும் கொடுக்கலாகாது.

மூக்குக் குழாயும் வயிற்றுக் குழாயும்

விழுங்க முடியாதவருக்கு முதலில் வைக்கப்படுவது மூக்கு வழியாகச் சென்று இரைப்பையை அடையும் மெல்லிய குழாய். இதற்குச் சத்திரசிகிச்சை தேவையில்லை, கட்டிலருகிலேயே வைக்கலாம். குறுகிய காலத்துக்கு இதுவே ஏற்றது. ஆனால் நாட்செல்ல மூக்கும் தொண்டையும் புண்படும். அறிவு மயங்கிய நோயாளர் அதை இழுத்து எறிந்துவிடுவர். இடம் மாறியதை அறியாது உணவூட்டினால் அது சுவாசப்பைக்குப் போய்விடும்.

எனவே, நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு மேலாகவும் குழாய் வழி உணவு தேவையெனக் கண்டால், வயிற்றின் மேற்பகுதித் தோலினூடாக நேரே இரைப்பைக்குள் ஒரு குழாய் வைப்பதை வைத்தியர்கள் சிந்திக்கின்றனர். அகநோக்கிக் கருவியின் துணையோடு தோலைத் துளைத்து இதனை வைக்கும் முறைக்கு ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்துப் ‘பெக்’ என்று பெயரிட்டுள்ளனர். நம் வைத்தியசாலைகளிலும் இப்பெயரே வழங்குகின்றது.

கிளீவ்லன்ட் நகரில் பிறந்த முறை

இரைப்பைக்கு வெளியிலிருந்து ஒரு வாயில் அமைக்கும் எண்ணம் புதிதன்று. 1849ஆம் ஆண்டு பிரான்சின் ஸ்ராஸ்பேர்க் நகரில் செடியோ என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் இதனை முதன்முதலாக ஒரு மனிதருக்குச் செய்தார், நோயாளர் பிழைக்கவில்லை. கிருமிகள் பற்றிய அறிவு வளராத காலமது. 1894இல் ஸ்ராம் என்பவர் வகுத்த சத்திரசிகிச்சை முறை நெடுங்காலம் நிலைத்தது. ஆனால் அதற்கு வயிற்றைக் கீறித் திறக்கவேண்டும். பெரும்பாலும் முழு மயக்கமருந்தும் வேண்டும். உண்ண வழியின்றி ஏற்கெனவே மெலிந்து வாடியவருக்கு அது பெரும் பாரம்.

இந்நிலையை மாற்றியவர்கள் அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்துக் கிளீவ்லன்ட் நகரில் பணியாற்றிய இரு வைத்தியர்கள். ஒருவர் குழந்தைகளின் சத்திரசிகிச்சை நிபுணரான மைக்கல் கௌடரர். மற்றவர் அகநோக்கிக் கருவியைக் கையாள்வதில் தேர்ந்த ஜெஃப்றி பொன்ஸ்கி. குழந்தைகளின் இரைப்பைக்குள் அகநோக்கியைச் செலுத்தும்போது, அதன் நுனியிலுள்ள வெளிச்சம் வயிற்றுத் தோலினூடாக வெளியே தெரிவதை கௌடரர் அவதானித்தார். வெளிச்சம் தெரியுமிடத்தில் இரைப்பையின் சுவரும் வயிற்றின் சுவரும் ஒன்றோடொன்று நெருங்கியிருக்கவேண்டும். அவ்வாறாயின் வயிற்றைத் திறவாமலே அவ்விடத்தைத் துளைக்கலாம் அன்றோ?

1979ஆம் ஆண்டு யூன் 12ஆம் திகதி, அந்நகரின் றெயின்போ குழந்தைகள் வைத்தியசாலையில், போதிய அளவு உண்ண முடியாதிருந்த நாலரை மாதக் குழந்தையொன்றுக்கு இம்முறை முதன்முதலாகச் செய்யப்பட்டது. 1980இல் அவர்கள் இதனை மருத்துவ உலகுக்கு எழுதி வெளியிட்டனர். குழந்தைகளுக்கென வகுத்த இம்முறை சில ஆண்டுகளுக்குள் முதியோருக்கே மிகுதியாகப் பயன்படலாயிற்று.

எவ்வாறு செய்யப்படுகின்றது?

நோயாளர் ஏறத்தாழ எட்டு மணி நேரம் உணவின்றி இருக்கவேண்டும். இரத்தம் உறையும் ஆற்றல் முன்கூட்டியே பரிசோதிக்கப்படும். இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர்கள் அதனை வைத்தியருக்குத் தெரிவித்து, எதை எப்போது நிறுத்துவதென அவர் சொல்வதன்படி நடக்கவேண்டும், தாமாக நிறுத்தலாகாது. புண்ணில் கிருமி தொற்றாதிருக்க அன்ரிபயோரிக் மருந்து ஒருமுறை ஏற்றப்படும். பின்னர் தூக்கம் வரச்செய்யும் மருந்து கொடுக்கப்படும்.

வைத்தியர் வாய்வழியாக அகநோக்கியை இரைப்பைக்குள் செலுத்திக் காற்றினால் அதனை விரிக்கின்றார். அறையின் விளக்குகள் மங்கலாக்கப்படும். வயிற்றுத் தோலில் வெளிச்சம் தெரியுமிடத்தை மற்றொருவர் விரலால் அழுத்துகிறார். அவ்வழுத்தம் உள்ளே தெளிவாகத் தெரிந்தால் இடம் சரியானது. அங்கு விறைப்பு ஊசி போட்டு, ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் அளவு கீறி, ஊசிக்குழல் ஒன்றை இரைப்பைக்குள் இறக்குகின்றனர். அதனூடாக உள்ளே விடப்படும் நீண்ட நூலை அகநோக்கியிலுள்ள சுருக்குப் பற்றிக்கொள்ளும். அகநோக்கியை வெளியே எடுக்க, நூலின் ஒரு நுனி வாய்க்கும் மறு நுனி வயிற்றுக்கும் வந்துவிடும்.

வாயிலுள்ள நுனியில் உணவுக் குழாயைக் கட்டி, வயிற்றிலுள்ள நுனியை இழுக்க, குழாய் தொண்டை, களம், இரைப்பை என்பவற்றைக் கடந்து வயிற்றுத் தோலினூடாக வெளிவருகின்றது. குழாயின் உள்முனையில் காளான் குடைபோன்ற தடுப்பொன்று இருப்பதால் அது முழுதும் வெளியே வந்துவிடாது. வெளியே மற்றொரு தடுப்பு அதனைத் தோலோடு நிறுத்துகின்றது. பென்சிலின் தடிப்பு, அல்லது அதிலும் சற்று மெல்லிய குழாய். எல்லாம் பெரும்பாலும் அரை மணி நேரத்துள் முடிந்துவிடும். சில மணி நேரத்தின் பின் உணவு தொடங்கலாம். தேவை தீர்ந்தால் குழாயை எடுத்துவிடலாம்; துவாரம் தானாகவே மூடிக்கொள்ளும்.

யாருக்கு உதவும்? யாருக்கு உதவாது?

இதுவே நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டிய பகுதி. ஒரு கருவி நல்லதாயிருப்பதால் அது எல்லோருக்கும் நல்லதென்று ஆகிவிடாது.

பாரிசவாதத்தின் பின் பலர் சில வாரங்களுக்குள் விழுங்கும் ஆற்றலை மீண்டும் பெறுகின்றனர். ஆகவே தொடக்கத்திலேயே வயிற்றுக் குழாய்க்கு அவசரப்படத் தேவையில்லை. 2005இல் வெளியான பல நாடுகள் சேர்ந்த பெரிய ஆய்வொன்று, முதல் இரண்டு மூன்று வாரங்களில் மூக்குக் குழாயே மேலானது எனக் காட்டிற்று. அதற்கு மேலும் ஆற்றல் திரும்பாதவர்களுக்கே ‘பெக்’ ஏற்றது.

உடலின் தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நரம்பு நோய் கண்டவர்களுக்கு, மூச்சுத் தசைகள் மிகவும் தளர்வதற்கு முன்பே குழாய் வைப்பது நன்று. தாமதித்தால் அச்சிகிச்சையே ஆபத்தாகும். வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை பெறுவோர் பலர், புண் ஆறும்வரை இதன் துணையால் உடல் தேறுகின்றனர். வெற்றிலை, பாக்கு, புகையிலைப் பழக்கத்தால் வாய்ப் புற்றுநோய் மிகுந்துள்ள நம் நாட்டில் இது கவனிக்கத்தக்கது.

மகோதரம் கண்டு வயிற்றில் நீர் தேங்கியவர், இரத்தம் உறையும் ஆற்றல் மிகக் குறைந்தவர், உடல் முழுவதும் கிருமி பரவியவர், குடல் அடைபட்டவர் ஆகியோருக்கு இது பொதுவாகப் பொருந்தாது.

மறதி நோய் முற்றிய முதியோரின் நிலை வேறு. உண்ண மறுத்தல், உணவை வாயிலேயே வைத்திருத்தல் என்பன அந்நோயின் இறுதிக் கட்டத்து அடையாளங்கள். இவர்களுக்குக் குழாய் வைப்பதால் ஆயுள் நீள்வதாகவோ, நியூமோனியா குறைவதாகவோ, படுக்கைப் புண் ஆறுவதாகவோ ஆய்வுகளில் தெரியவரவில்லை. உமிழ்நீர் சுவாசப்பைக்குள் இறங்குவதையும், இரைப்பையிலிருந்து உணவு மேலெழுவதையும் எக்குழாயும் தடுக்காது. போதாக்குறைக்கு, குழாயை இழுத்துவிடாதபடி கைகளைக் கட்டிவைக்கும் கொடுமையும் நேர்கின்றது. எனவே அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் முதலியன, இவர்களுக்குக் குழாய்க்குப் பதிலாக, நிமிர்த்தி இருத்தி, சிறிது சிறிதாக, பொறுமையோடு கையால் ஊட்டுவதையே பரிந்துரைக்கின்றன. இவ்வாறு ஊட்டுவதற்கு நேரம் வேண்டும், அருகில் ஒருவர் அமர்ந்திருக்கவும் வேண்டும். இது உணவூட்டாமல் விடுவதன்று. உணவூட்டலின் பழைய, அன்பு நிறைந்த முறையேயாகும்.

வீட்டிலே கவனிக்கவேண்டியவை

குழாய் வைப்பது வைத்தியரின் வேலை. அதைக் காப்பது வீட்டாரின் வேலை. வீட்டுக்கு அனுப்பப்படுமுன் தாதியரிடம் கேட்டு, அவர் முன்னிலையில் செய்தும் பழகிக்கொள்ளவேண்டும். முக்கியமானவை இவை:

1. உணவூட்டும்போதும், அதன்பின் ஒரு மணி நேரம்வரையும், நோயாளரின் தலையும் நெஞ்சும் உயர்ந்திருக்கவேண்டும். மட்டமாகப் படுக்கவைத்து ஊட்டலாகாது.

2. கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவியபின்னரே குழாயைத் தொடவேண்டும்.

3. உணவுக்கு முன்னும் பின்னும், மருந்துக்கு முன்னும் பின்னும், வைத்தியர் வேறு அளவு சொல்லாவிடில் ஏறத்தாழ 30 மில்லிலீற்றர் சுத்தமான நீரைச் செலுத்தவேண்டும். குழாய் அடைபடுவதற்கு இதைச் செய்யாமையே முதற்காரணம். அடைபட்டால் இளஞ்சூட்டு நீரை மெதுவாகச் செலுத்தி முயலலாம், கம்பியால் குத்தக்கூடாது.

4. உணவை அவசரமாகத் தள்ளாது மெதுவாக இறங்கவிடவேண்டும். வீட்டு உணவாயின் நன்றாக அரைத்து வடித்ததாக இருக்கவேண்டும். வெறும் கஞ்சித் தண்ணீரில் உயிர் வளர்க்க இயலாது. எவ்வளவு, எத்தகைய சத்து என்பதை வைத்தியரிடமோ போசாக்கு நிபுணரிடமோ கேட்டறிக.

5. எல்லா மாத்திரைகளையும் இடித்துக் கொடுக்க முடியாது. மெல்ல மெல்லக் கரையும்படி செய்யப்பட்டவற்றை இடித்தால் முழு மருந்தும் ஒரே வேளையில் உடலில் சேர்ந்து ஆபத்தாகும். ஒவ்வொன்றையும் கேட்டுத் தெளிந்து, தனித்தனியே கொடுக்கவேண்டும்.

6. குழாயைச் சுற்றியுள்ள தோலை நாள்தோறும் கழுவித் துடைத்து உலரவைக்கவேண்டும். புண் ஆறிய பின்னர், தாதி காட்டியபடி குழாயைச் சற்று உள்ளே தள்ளிச் சுழற்றி மீண்டும் பழைய இடத்தில் நிறுத்தவேண்டும். இல்லையேல் உள்தடுப்பு இரைப்பைச் சுவருக்குள் புதைந்துவிடக்கூடும்.

7. வாயால் உண்ணாவிடினும் வாயும் பல்லும் தினமும் சுத்தமாக்கப்படவேண்டும். அசுத்தமான வாயின் உமிழ்நீரே நியூமோனியாவுக்குக் காரணமாகின்றது.

8. வைத்த முதல் நான்கு வாரங்களுக்குள் குழாய் கழன்றுவிட்டால் அதை வீட்டில் திரும்பச் செருகவே கூடாது. உணவு வயிற்றறைக்குள் சிந்தி உயிராபத்து விளையும். அதன் பின்னர் கழன்றாலும் துவாரம் சில மணி நேரத்துள் சுருங்கிவிடும். எப்போதாயினும் உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். கடும் வயிற்றுவலி, காய்ச்சல், இரத்தக் கசிவு, உணவூட்டும்போது வலி என்பனவும் அவ்வாறே.

திருச்சபையின் போதனை

1957ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் திகதி, மயக்கமருந்து நிபுணர்களுக்கு உரையாற்றிய பாப்பரசர் 12ஆம் பத்திநாதர், உயிரைக் காக்கச் சாதாரண வழிவகைகளைக் கையாளும் கடமை நமக்குண்டு எனவும், தமக்கோ பிறருக்கோ மிகுந்த பாரமாகும் வழிவகைகளைக் கையாள எவரும் கட்டுப்பட்டவரல்லர் எனவும் விளக்கினார். 1980ஆம் ஆண்டு மே 5ஆம் திகதி விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் விடுத்த அறிக்கை இதனை மேலும் தெளிவாக்கிற்று.

குழாய் வழி உணவு இவ்விரண்டில் எதைச் சேரும்? 2004ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் திகதி, நினைவிழந்து நெடுங்காலம் கிடப்போரைப் பற்றிப் பேசிய பாப்பரசர் 2ஆம் அருளப்பர் சின்னப்பர், உணவும் நீரும் குழாய் வழியாகக் கொடுக்கப்பட்டாலும் அவை உயிர் காக்கும் இயல்பான வழிகளே எனவும், அவை தம் நோக்கத்தை நிறைவேற்றும் வரையில் கொள்கையளவில் கடமையானவை எனவும் போதித்தார். ஒருவர் மீண்டும் கண்விழிக்கமாட்டார் என்பதற்காக அவருடைய மனித மாண்பு குறைந்துவிடுவதில்லை. ‘பயனற்ற உயிர்’ என்று ஒன்றில்லை.

2007ஆம் ஆண்டு ஓகஸ்ட் 1ஆம் திகதியிட்ட பதிலில் அதே பேராயம் இதை உறுதிப்படுத்தி, விதிவிலக்குகளையும் காட்டிற்று: வசதியற்ற இடங்களில் இதனைச் செய்ய இயலாதிருத்தல், செலுத்திய உணவை உடல் ஏற்காதிருத்தல், அரிதாக, குழாயே நோயாளருக்குப் பெருந்துன்பமாதல். நல்ல சமாரியர் உவமையின் பெயரால் 2020இல் வெளியான மடல், உடல் உணவை ஏற்றுப் பயன்படுத்த மாட்டாத நிலையில் அதனை நிறுத்தவேண்டுமென்றும், அது கொலையன்றென்றும் கூறுகின்றது. அப்போது நோயாளர் சாவது நோயினால், பட்டினியால் அன்று.

சாகவேண்டும் என்ற நோக்குடன் உணவை நிறுத்துவது பாவம். உடல் ஏற்க மாட்டாத உணவைத் திணிக்காது விடுவது பாவமன்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் சிலர் கடமையைக் கைவிடுகின்றனர். வேறு சிலர் குற்றமற்ற மனச்சாட்சியை வீணே வதைக்கின்றனர்.

2005ஆம் ஆண்டின் தவக்காலமும் உயிர்ப்புக் காலமும் இவ்வினாவை உலகின் கண்முன் நிறுத்தின. அமெரிக்காவில் தெறி ஷயாவோ என்னும் பெண், 1990 முதல் நினைவிழந்த நிலையில் குழாய் உணவால் வாழ்ந்தார். குழாயை எடுக்கக் கணவர் கேட்டார். தாமே பராமரிப்பதாகப் பெற்றோர் மன்றாடினர். நீதிமன்றத் தீர்ப்பின்படி மார்ச் 18ஆம் திகதி குழாய் எடுக்கப்பட்டது. 31ஆம் திகதி அவர் இறந்தார். அவருக்கு உடல் ஏற்காத உணவு எதுவும் கொடுக்கப்படவில்லை. அவர் மரணத் தறுவாயிலும் இருக்கவில்லை. அதே வாரத்தில், மார்ச் 30ஆம் திகதி, நோயுற்றிருந்த பாப்பரசர் 2ஆம் அருளப்பர் சின்னப்பருக்கு மூக்கு வழியே உணவுக் குழாய் வைக்கப்பட்டதாக வத்திக்கான் அறிவித்தது. ஏப்ரல் 2ஆம் திகதி அவர் இறைவனடி சேர்ந்தார். தாம் போதித்ததை அவர் தம் உடலிலும் ஏற்றுக்கொண்டார்.

நற்கருணை பற்றி

“குழாய் வைத்தவர் நற்கருணை வாங்கலாமா?” என்று பலர் கேட்கின்றனர். அப்பத்தை விழுங்க மாட்டாதவருக்கு, தேவையை முன்னிட்டு, இரச வடிவில் மட்டும் நற்கருணை வழங்கத் திருச்சபைச் சட்டம் (எண் 925) இடமளிக்கின்றது. சில துளிகளேனும் பாதுகாப்பாக விழுங்க முடியுமா என வைத்தியரிடம் முன்னரே கேட்டுப் பங்குக் குருவானவருக்குத் தெரிவியுங்கள். நோயாளரும் முதியோரும், அவர்களைப் பராமரிப்போரும், ஒரு மணி நேரத்துக்குள் ஏதேனும் உட்கொண்டிருந்தாலும் நற்கருணை பெறலாம் (எண் 919). ஒரு துளியும் விழுங்க இயலாதவருக்கு நோயில் பூசுதலும் ஆவல் நற்கருணையும் உண்டு. குழாயைக் காரணங்காட்டி எவரும் குருவானவரை அழையாது விடவேண்டாம்.

சம்மதம் கொடுக்குமுன் கேட்கவேண்டிய வினாக்கள்

வீட்டார் ஒன்றுகூடி, இயலுமாயின் நோயாளரின் விருப்பத்தையே முதலில் அறிந்து, வைத்தியரிடம் இவற்றைக் கேட்கலாம்:

விழுங்கும் ஆற்றல் திரும்புமா? எவ்வளவு காலம் பொறுத்துப் பார்க்கலாம்? குழாயால் எதிர்பார்க்கும் நன்மை என்ன: உயிரா, உடல் தேறலா, துன்பத் தணிவா? இவருடைய நோயில் அந்நன்மை கிடைக்கக்கூடியதா? சிறிதளவேனும் வாயால் ருசிபார்க்க இடமுண்டா? வீட்டில் பராமரிப்பவர் யார்? அவருக்கு ஓய்வு கொடுப்பவர் யார்?

கடைசி வினா வைத்தியருக்குரியதன்று, அது நமக்குரியது. நாள்தோறும் பலமுறை குழாய் வழி உணவூட்டும் பொறுப்பு பெரும்பாலும் ஒரு மகள்மீதோ மருமகள்மீதோ முழுதாக விழுகின்றது. பங்கிலுள்ள பக்தி சபைகளும் அயலவரும் வாரத்தில் ஓரிரு மணி நேரம் அவ்வீட்டுக்குச் சென்று, தாதியரிடம் பழகிக்கொண்டு, அப்பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளலாம். பசித்தோருக்கு உணவளிக்கும் கடமை அவ்வீட்டாருக்கு மட்டும் உரியதன்று.